டோப்பா மகாத்மியம்

எடுத்தவுடனே ஒரு உண்மையை ஒத்துக்கொண்டு விடுகிறேன். எனக்கு முடி கொட்டுகிறது. வயசு இருபத்தெட்டுதான் ஆகிறது, அதற்குள் நெற்றிக்கும் மண்டைக்கும் எல்லைத் தகராறு ஆரம்பித்து, நெற்றி ஜெயித்துக்கொண்டே வருகிறது. முன்னாடியெல்லாம் சலூன் அண்ணாச்சி "மீடியமா, ஷார்ட்டா?" என்று கேட்பார். இப்போது எதுவும் கேட்பதில்லை, அவராகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். வீட்டில் வேறு பெண் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். "பேசாம அந்த காலேஜ் போட்டோவையே குடுத்துருவோமாடா?" என்று அம்மா போனில் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன் :-)

இப்படிப்பட்ட மனநிலையில் இருக்கிற ஒருத்தனை மூன்று மாசம் லண்டனுக்கு ஆன்சைட் அனுப்பினால் என்ன ஆகும்? ஒரு சனிக்கிழமை மழைக்கு ஒதுங்க இடம் தேடி நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்குள் நுழைந்தேன். (அனுமதி இலவசம். இலவசம்னா விடுவோமா?) பதினேழாம் நூற்றாண்டின் கடைசி, பதினெட்டின் ஆரம்பம், அந்தக் காலத்து ஆசாமிகள் வரிசையாகத் தொங்குகிறார்கள். பிரபு, மந்திரி, கவிஞர், விஞ்ஞானி. அத்தனை பேருக்கும் தோளைத் தாண்டி வழிகிற சுருள் சுருளான முடி. ஒருத்தருக்காவது ஏறுநெற்றி? ம்ஹூம். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. நாலைந்து படம் தாண்டிய பிறகுதான் மண்டையில் உறைத்தது. எல்லாமே டோப்பா!

அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது. ராத்திரி ரூமுக்கு வந்து அருங்காட்சியகத் தளங்களில் தேடித் தேடி, ஜூம் பண்ணிப் பார்த்ததில் வண்ண ஓவியங்களைவிட அந்தக் காலத்துச் செப்புத்தகட்டு அச்சுப்படங்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதலில் கதை. பிரான்ஸ் மன்னர் பதிமூன்றாம் லூயிக்குச் சின்ன வயதிலேயே தலை வழுக்கையாகிவிட்டது. (நம்ம ஆளு.) 1620களில் அவர் பொய்முடி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். ராஜா வைத்தால் அரண்மனை வைக்கும், அரண்மனை வைத்தால் ஊர் வைக்கும். அவர் மகன் பதினான்காம் லூயிக்கு இளமையில் நல்ல முடி இருந்தது. ராபர்ட் நாந்தேய் என்ற செதுக்குக் கலைஞர் 1660களில் செய்த ராஜா படங்களில் இருப்பது சொந்த முடி. அப்புறம் அவருக்கும் பரம்பரைச் சொத்து வந்து சேர்ந்தது. கொஞ்ச காலம், அங்கங்கே ஓட்டை விட்டு அதன் வழியாகச் சொந்த முடியை வெளியே இழுத்துவிடுகிற மாதிரி ஒரு டோப்பாவை வைத்துச் சமாளித்தார். 1673 வாக்கில் இனிமேல் தாங்காது என்று மொட்டை அடித்துக்கொண்டு முழு டோப்பாவுக்கு மாறினார். அதே 1673ல்தான் பாரிஸ் டோப்பா தொழிலாளர்களுக்கென்று தனிச் சங்கம் அமைந்தது. வெர்சாய் அரண்மனையில் ராஜாவின் டோப்பாக்களை வைக்கவே ஒரு அறை இருந்தது. நம்ம ஊரில் பூஜைக்குத் தனி ரூம் இருப்பது மாதிரி.

இங்கிலீஷ்காரன் என்ன செய்தான் என்பதற்கு சாமுவேல் பீப்ஸை விட நல்ல சாட்சி கிடையாது. கடற்படை அலுவலகத்தில் பெரிய உத்தியோகம், தினமும் டைரி எழுதுகிற பழக்கம். மனுஷன் அந்தக் காலத்து பிளாக்கர், ஆனால் பின்னூட்டத்துக்கு ஏங்காத பிளாக்கர். 1663 நவம்பர் 3ஆம் தேதி தலைமுடியை வெட்டிவிட்டு டோப்பா வைத்துக்கொள்கிறார். வெட்டும்போது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறார். டோப்பா விலை 3 பவுண்டு. வெட்டிய சொந்த முடியைக் கடைக்காரர் எடுத்துப் போகிறார், எதற்கு? அதில் இவருக்கே இன்னொரு டோப்பா செய்ய! அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது எல்லாரும் நம்மையே பார்ப்பார்களோ என்று ஒரே பதற்றம். ஒருத்தரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லையாம். ஹேர் டை அடித்துக்கொண்டு ஆபீஸ் போன முதல் நாள் யாருக்காவது ஞாபகம் வருகிறதா?

3 பவுண்டு என்றால் எவ்வளவு? அதே வருஷம் மார்ச்சில் பீப்ஸ் ஒரு சமையல்கார அம்மாவை வேலைக்கு வைக்கிறார். வருஷத்துக்கு 4 பவுண்டு சம்பளம். இவ்வளவு கொடுப்பது இதுதான் முதல் தடவை என்று டைரியில் அங்கலாய்க்கிறார். ஆக அந்த அம்மா ஒன்பது மாசம் அடுப்படியில் வெந்தால் ஐயா தலையில் ஒரு டோப்பா. பவுண்டு எவ்வளவு, ரூபாய் எவ்வளவு என்று கணக்குப் போடுவதைவிட இது எனக்குச் சட்டென்று புரிந்தது.

சரி, மேட்டருக்கு வருவோம். அந்தக் காலத்தில் இந்தப் பெரிய மனுஷர்களின் முகம் ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? ஓவியம் அரண்மனையில் தொங்கும், ஒன்றே ஒன்று. ஊருக்குப் போய்ச் சேர்வது அச்சுப்படம்தான். பாரிஸில் சான் ழாக் தெருவில் வரிசையாகப் படக்கடைகள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஆசிரியர் படம். பட்டத்துக்கு ஆய்வுரை வாசிக்கிற மாணவன், அதை ஒரு பெரிய மனுஷருக்குச் சமர்ப்பணம் செய்து அவர் படத்தையே அச்சடித்துக் கொடுப்பதும் வழக்கம். நம்ம பீப்ஸும் விடவில்லை. 1690ல் கடற்படை பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் ராபர்ட் வைட் செதுக்கிய அவர் படம் இருக்கிறது. டோப்பாவோடுதான்!

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பொறி தட்டியது. அச்சுப்படத்தில் கலர் கிடையாது. ஓவியம் என்றால் சிவப்பு வெல்வெட், தங்க ஜரிகை, நீலப் பட்டு என்று வசதியைக் கலரிலேயே காட்டிவிடலாம். கருப்பு மையும் வெள்ளைக் காகிதமும்தான் கையில் இருக்கு என்றால் தங்கமும் பித்தளையும் ஒன்றுதானே? கலர் போனாலும் போகாத அந்தஸ்து எது? முடியின் அளவு! எவ்வளவு நீளம், எத்தனை சுருள், எவ்வளவு அடர்த்தி என்பதைக் கோட்டிலேயே காட்டலாம். சரிகைப் பின்னலும் இப்படித்தான் தப்பித்தது. ஆனால் டோப்பாவுக்கு இன்னொரு சௌகரியம் இருக்கிறது. அதைச் சொல்ல, தகட்டில் எப்படிச் செதுக்குவார்கள் என்று சொல்லியாக வேண்டும்.

பூரின் என்று ஒரு கருவி. சின்ன எஃகு உளி, நுனியைச் சாய்வாகத் தீட்டியிருப்பார்கள், கைப்பிடி உள்ளங்கைக்குள் அடங்கும். வழவழப்பான செப்புத்தகட்டில் அதை வைத்துத் தள்ளினால் செம்பு சுருளாகச் சீவிக்கொண்டு வரும். விழுந்த பள்ளத்தில் மை நிரப்பி, மேலே இருக்கும் மையைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளை அழுத்தியில் விட்டால் பள்ளத்து மை காகிதத்தில் ஏறிவிடும். அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டுக்கொடுத்தால் மெலியும். வளைகோடு போட உளியைத் திருப்ப மாட்டார்கள். தகட்டை ஒரு தோல் மெத்தை மேல் வைத்து, இடது கையால் தகட்டைத் திருப்புவார்கள். மெல்லிசாக ஆரம்பித்து, நடுவில் தடித்து, மறுபடி மெலிந்து முடிகிற வளைகோடு, பூரினுக்குத் தானாகவே வருகிற கோடு.

ஒரு சுருள் முடியைக் கற்பனை பண்ணிப் பாருங்கள். அதே கோடு! டோப்பாவைக் கண்டுபிடித்ததே செதுக்குகிறவர்களோ என்று சந்தேகம் வருகிற அளவுக்குப் பொருத்தம். முகத்தைச் செதுக்குவதுதான் அவஸ்தை. கோடு தடித்தால் கன்னத்தில் சுருக்கம் விழுந்துவிடும். அதனால் நாந்தேய் மாதிரி ஆட்கள் முகத்தைக் குட்டிக் குட்டிக் கீற்றுகளாலும் புள்ளிகளாலும் சமாளிப்பார்கள். முடிக்கு வந்ததும் கை அவிழ்ந்துவிடும். ஜூம் பண்ணிப் பாருங்கள், முகம் அடக்கமாக இருக்கும், டோப்பாவில்தான் ஆள் விளையாடியிருப்பார். கைதேர்ந்த செதுக்காளரை அமர்த்தும் அளவுக்கு நமக்கு வசதி இருக்கிறது என்பதையும் அந்தச் சுருள் சொல்லிவிடும். டபுள் விளம்பரம்.

இந்த நாந்தேய் சாதாரண ஆள் இல்லை. பதினான்காம் லூயி 1658ல் அவரை அரசவைச் செதுக்காளராக நியமித்தார். 1660ல் சான் ழான் த லூஸ் என்ற ஊரிலிருந்து ஒரு அரசாணை வந்தது. செதுக்குவது கைத்தொழில் அல்ல, கலை, அதைத் தொழிற்சங்கக் கட்டுப்பாட்டுக்குள் அடைக்கக்கூடாது என்று. தன் முகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் என்று ராஜாவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இப்போது இரண்டு படம் சொல்கிறேன்.

ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த பதினான்காம் லூயி. 1701ல் இயாசந்த் ரிகோ வரைந்தது. 63 வயதில் ராஜா ஒரு காலை முன்னே வைத்து, வெள்ளை ரோமம் வைத்த அங்கியோடு நிற்பார். உச்சியில் இரண்டு மலைச் சிகரம் மாதிரி எழும்பி, மார்பு வரை விழுகிற டோப்பா. ஸ்பெயின் ராஜாவான பேரனுக்கு அனுப்பத்தான் வரையச் சொன்னார். வந்ததைப் பார்த்ததும் பிடித்துப்போய் தானே வைத்துக்கொண்டார். இதை பியர் த்ரெவே 1714-15 வாக்கில் செப்பில் செதுக்கினார். ராஜா 1715 செப்டம்பரில் செத்தே போய்விட்டார், டோப்பா மட்டும் அச்சில் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த டோப்பாவுக்குக் கீழே நிஜ முகம் எப்படி இருந்தது? ஆந்துவான் பெனுவா என்பவர் 1705 வாக்கில் மெழுகில் செய்த ராஜாவின் பக்கவாட்டு முகம் வெர்சாயில் இருக்கிறது. தளர்ந்த தாடை, சின்ன வயதில் வந்த பெரியம்மையின் தழும்பு, எல்லாம் அப்படியே. அதிலும் தலையில் டோப்பா உண்டு, நிஜ முடியில். அம்மைத் தழும்பைக் காட்ட அனுமதித்தாலும் வழுக்கைக்கு அனுமதி இல்லை போலிருக்கிறது! பின்னாளில் 1840ல் தாக்கரே ஒரு கேலிச்சித்திரம் போட்டார். முதலில் ஆளே இல்லாமல் டோப்பாவும் அங்கியும் ஹை ஹீல்ஸும் மட்டும் நிற்கும். நடுவில் வழுக்கையும் தொப்பையுமாக ஒரு குட்டைக் கிழவர். மூன்றாவதில் இரண்டும் சேர்ந்து மகாராஜா. மூன்றே உருவத்தில் மேட்டரை முடித்துவிட்டார், நான் இங்கே இத்தனை பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது படம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாமுவேல் பெர்னார், பாரிஸ் வட்டிக்கடை மகாராஜா. அப்பா ஓவியர், மகன் துணி வியாபாரத்தில் ஆரம்பித்து ஐரோப்பாவிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவரானார். 1708ல் போருக்குப் பணம் இல்லாமல் கஜானா காலி. கடன் கேட்டால் பெர்னார் மசியவில்லை. என்ன பண்ணுவது? பதினான்காம் லூயியே மார்லி அரண்மனைத் தோட்டத்தை அவருக்குக் கூட இருந்து சுற்றிக் காட்டினார். சேன் சிமோன் பிரபு இதை எழுதும்போது எரிச்சலில் வெந்திருப்பது வரிக்கு வரி தெரியும். வட்டிக்காரனோடு ராஜா வாக்கிங் போவதா? பெர்னாருக்கோ உச்சி குளிர்ந்து கடன் கொடுத்துவிட்டார்.

அந்த பெர்னாரை ரிகோ 1726ல் வரைய, 1729ல் பியர் த்ரெவேயின் மகன் பியர் ஆம்பேர் த்ரெவே செதுக்கினார். பின்னால் கடலில் கப்பல்கள், பக்கத்தில் பூமி உருண்டை, மேலே அரசவைத் திரைச்சீலை, தலையில் ராஜா சைஸுக்கு டோப்பா. வேடிக்கை என்னவென்றால் 1729க்குள் அந்த மாதிரிப் பெரிய டோப்பா பழைய ஃபேஷனாகிவிட்டது. இளவட்டங்கள் எல்லாம் மாவு பூசி, பின்னால் ரிப்பன் கட்டின சின்ன டோப்பாவுக்கு மாறிவிட்டார்கள். கிழவர் மாறவில்லை. தன்னோடு தோட்டத்தில் நடந்த ராஜா வைத்திருந்த அதே டோப்பா அல்லவா அது? 1699ல் பிரபுப் பட்டம் வாங்கியாச்சு, 1725ல் கூபேர் பிரபு ஆயாச்சு, ஆனாலும் துணி வியாபாரி என்பதை யாரும் மறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அவ்வளவு முடியும் அதை மறைக்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான், அடிக்க வராதீங்க.

லண்டன் பக்கம் வேறு தொழில்நுட்பம் ஓடியது. மெஸோடின்ட். தகடு முழுக்கச் சொரசொரப்பாக்கினால் அப்படியே அச்சிட்டால் ஒரே கருப்பு. அப்புறம் எங்கெல்லாம் வெளிச்சம் வேண்டுமோ அங்கெல்லாம் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். பூரின் என்பது வெக்டார் கிராபிக்ஸ் என்றால் மெஸோடின்ட் பிட்மேப். (நம்ம பொழப்பு புத்தி எங்கே போகும்!) இதில் டோப்பா கோடுகளாக இல்லாமல் வெல்வெட் மாதிரி இருட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். ஐசக் நியூட்டனை காட்ஃப்ரி நெல்லர் வரைந்ததில் இரண்டு படங்களைப் பாருங்கள். 1689ல், பிரின்சிபியா வந்து இரண்டு வருஷம், சொந்த நரைமுடி கலைந்து தொங்குகிறது, ஒரு பேராசிரியர். 1702ல் அவர் நாணயச்சாலைத் தலைவர், தலையில் பளபளவென்று பழுப்பு டோப்பா. ஜான் ஸ்மித் 1712ல் மெஸோடின்ட்டாகப் போட்டது எதை? இரண்டாவதைத்தான். முதல் நியூட்டன்தான் எனக்குப் பிடித்தவர். புவியீர்ப்பு விசையைக் கணக்குப் போட்டது அந்த நரைமுடித் தலைதானே.

டோப்பா இல்லாமல் படத்துக்கு உட்காரவும் ஒரு ஸ்டைல் உண்டு. ஜேக்கப் டான்சன் என்ற பதிப்பாளரை நெல்லர் 1717ல் வரைந்திருக்கிறார். மழித்த தலையில் ஒரு சிவப்புக் குல்லா, கையில் மில்டனின் காவியம். வீட்டில் நிம்மதியாக இருக்கும்போது இப்படித்தான் என்கிற தோரணை. ஆனால் கவனியுங்கள், குல்லாவையும் எடுத்துவிட்டு வெறும் மொட்டையோடு உட்காரவில்லை :-)

பாதிரியார்கள் விஷயம் தனி. ழான் பாப்திஸ்த் தியேர் என்ற பாதிரியார், சாமியார்கள் டோப்பா வைப்பது தகாது என்று 1690ல் ஒரு புத்தகமே எழுதினார். 1729ல் பெர்னாருக்கு அத்தனை முடி வைத்த அதே சின்ன த்ரெவே, 1723ல் செதுக்கிய பிஷப் பொசுவே படத்தில் இருப்பது வெறும் வெள்ளை முடி. அது சும்மா தோளில் படிந்து கிடக்கிறது.

இவ்வளவு பேசிவிட்டு ஒரு கேள்வியை விட்டுவிட முடியாது. அந்த முடியெல்லாம் யாருடையது? மலிவு டோப்பா என்றால் குதிரை முடி, ஆட்டு முடி. உசத்தி என்றால் மனுஷ முடி, அதிலும் பெண்களின் முடி. கிராமத்து ஏழைப் பெண்களிடம் காசைக் கொடுத்து வெட்டி வாங்கியது. பெரிய டோப்பாவுக்கு ஒரு தலை முடி பத்தாது. 1665ல் லண்டனில் பிளேக் வந்தபோது பீப்ஸ் வாங்கி வைத்த புது டோப்பாவைத் தொடவே பயப்படுகிறார், பிளேக்கில் செத்தவர் தலையிலிருந்து வெட்டியதாக இருந்தால்? 1667 மார்ச்சில் கடைக்காரர் கொண்டுவந்த டோப்பா முழுக்க ஈறு! வேறு யாரோ ஒரு மனுஷியின் தலை அது என்பது அப்போதுதான் ஐயாவுக்கு ஞாபகம் வந்திருக்கும். இன்றைக்கும் பழனியிலும் திருப்பதியிலும் இறக்குகிற முடி கடல் தாண்டிப் போய் யார் யார் தலையிலோ உட்கார்கிறது. மொட்டை போட்ட பாட்டிக்கு அது தெரியுமோ என்னவோ.

இந்தப் படங்களின் அடியில் பொடி எழுத்தில் பெயர்கள் இருக்கும். இடது ஓரம் 'ரிகோ பின்க்ஸிட்', அதாவது வரைந்தவர். வலது ஓரம் 'த்ரெவே ஸ்கல்ப்ஸிட்', செதுக்கியவர். நடுவில் படத்தில் இருப்பவரின் பட்டங்கள் முழ நீளத்துக்கு. படத்தில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற டோப்பாவைப் பின்னியவர் பெயர் இல்லை. முடி கொடுத்தவள் பெயர் எங்கே இருக்கப் போகிறது?

அப்புறம் எல்லாம் வழக்கம்போலத்தான். பிராண்டன்பர்க்கில் 1698ல் டோப்பாவுக்கு வரி போட்டார்கள். லண்டனில் ஹோகார்த் 1761ல் கிரேக்கத் தூண்களை வகை பிரிப்பது மாதிரி டோப்பாக்களை ஐந்து வகையாகப் பிரித்து ஒரு அச்சுப்படம் போட்டுக் கிழித்துத் தோரணம் கட்டினார். அந்தஸ்தை ஏற்றிவிட்ட அதே செப்புத்தகடுதான் இறக்கவும் செய்தது. 1795ல் இங்கிலாந்தில் தலைக்குப் பூசுகிற மாவுக்கு வருஷம் ஒரு கினி வரி. அதோடு பலரும் தலைமுழுகிவிட்டார்கள்.

கடைசியாக ஒரு தகவல். செப்புத்தகட்டில் ஒரு வசதி, பிடிக்காத இடத்தைத் தேய்த்து மழுக்கிவிட்டு மேலே புதுசாகச் செதுக்கலாம். பியர் லோம்பார் என்பவர் 1650களில் ஒரு குதிரைவீரன் படம் செய்தார். அதே குதிரை, அதே உடம்பு. ஒரு பிரதியில் கிராம்வெல் தலை, இன்னொன்றில் கிராம்வெல் கூட்டம் தலையை வெட்டிய அதே முதலாம் சார்லஸ் தலை, நடுவில் தலையே இல்லாத பிரதியும் இருக்கிறது! ஆட்சி மாற மாற அதுவும் மாறியிருக்கிறது.

போன வாரம் அம்மா போன் பண்ணினாங்க. ஊர் ஸ்டுடியோக்காரர் என் போட்டோவில் "லைட்டா டச்சப்" பண்ணிக் கொடுத்திருக்கிறாராம், மெயில் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். வந்தது. ஜூம் பண்ணிப் பார்த்தேன். நெற்றி மேல் ஒரே தடிமனில், ஒரே இடைவெளியில், சீப்பு மாதிரி இருபது கோடு. ஒரு சுருள்கூட இல்லை. த்ரெவே பார்த்திருந்தால் அழுதிருப்பார்.